திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர்: பிறந்த மனையும் பாடிய இசையும்

பெரியோர் பிறந்த மண்ணைப் போற்றுதல் நம்மவர்க்குத் தொன்றுதொட்டு வரும் வழக்கம். சீகாழியும் திருவாமூரும் திருநாவலூரும் திருவாதவூரும் சமயகுரவர் நால்வரைத் தந்தமையாலே சைவ உலகத்துக்கு யாத்திரைத் தலங்களாயின. அங்குச் செல்வோர் வெறுஞ் சுவரைக் கண்டு மீள்வதில்லை. அவ்வூர்க் கோயிலில் அக்குரவர் பாடல் பண்ணோடு ஓதப்படுவதைக் கேட்டு நெஞ்சு நெகிழ்ந்து மீள்கின்றனர். மனை உடல், பாடல் உயிர். உயிர் நீங்கிய உடலை அலங்கரித்து வைப்பதனால் யாருக்கு யாது பயன்?

இவ்வினா யாம் எடுத்துக்கொண்ட சரித்திரத்துக்கு மிகவும் பொருந்துவது. சோழநாட்டுத் திருவாரூரிலே, கமலாலயத் தீர்த்தம் விளங்கும் அவ்வொரே ஊரிலே, பதினான்கு ஆண்டு இடைவெளிக்குள் மூவர் பிறந்தனர். 1762இல் சியாமா சாஸ்திரிகளும், 1767இல் தியாகராஜ சுவாமிகளும், அவர்க்குப் பின் முத்துசுவாமி தீட்சிதரும் தோன்றினர். மூவர் பிறந்த இடங்களும் நினைவில்லங்களாகப் பேணப்பட்டு வருகின்றன. அம்மூவருள்ளும் சிவத்தலங்கள்தோறும் நடந்து சென்று பாடியவர் தீட்சிதரே. ஆதலின் அவர் வாழ்க்கையைச் சைவ ஆசிரியர்கள் சிந்திக்கும் பொருட்டு இங்கே சுருக்கி எழுதுகின்றோம்.

பிறப்பும் பெற்றோரும்

தீட்சிதரின் தந்தையார் இராமசுவாமி தீட்சிதர், தாயார் சுப்பம்மாள். தந்தையார் வேங்கடமகியின் வழிவந்த ஆசிரியரிடம் இசைநூல் கற்றவர். ஹம்சத்வனி என்னும் இராகத்தை வகுத்தவர் அவரே. திருவாரூர்த் தியாகேசர் திருக்கோயிலிலே எந்தப் பூசைக்கு எந்த இராகம் வாசித்தல் வேண்டும் என்னும் ஒழுங்கை அமைத்தவரும் அவரே என்பர்.

நெடுங்காலம் மகப்பேறின்றி வருந்திய அவ்விருவரும் வைத்தீசுவரன் கோயிலாகிய புள்ளிருக்கு வேளூரை அடைந்து நோன்பிருந்தனர். அத்தலத்து முத்துக்குமாரசுவாமியின் திருவருளாற் பிறந்த பிள்ளையாதலின் முத்துசுவாமி என்னும் பெயரை இட்டனர். பிறந்தது மன்மத ஆண்டு பங்குனித் திங்கள், கார்த்திகை நாள். ஆங்கில ஆண்டு 1775 என்று பலரும் எழுதுவர். மன்மத ஆண்டின் பங்குனி 1776 மார்ச்சு மாதத்தில் வருவதாகலின் 1776 என்பதே கணக்குக்குப் பொருந்தும். பின்னர்ச் சின்னசுவாமி, பாலுசுவாமி என்னும் தம்பியர் இருவரும் பாலாம்பாள் என்னும் தங்கையும் பிறந்தனர்.

மணலி வாசம்

சென்னைக்கு அணித்தாகிய மணலியிலே கிழக்கிந்தியக் கும்பினியாரின் துபாஷியாகச் செல்வமுற்றிருந்த முத்துகிருஷ்ண முதலியார் இராமசுவாமி தீட்சிதரைத் தம்மிடத்துக்கு அழைத்து ஆதரித்தார். அவர்க்குப் பின் அவர் மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அவ்வாதரவைக் குறைவின்றி நடத்தினார். முத்துசுவாமி அங்கே வடமொழி இலக்கியமும் வேதமும் இசையும் வீணையும் பயின்றார்.

சென்னைக் கோட்டையிலே ஆங்கிலேயருடைய வாத்தியக் குழுவினர் வாசிக்கும் இசையைக் கேட்கும் வாய்ப்பும் அச்சகோதரர்க்குக் கிடைத்தது. இளையவராகிய பாலுசுவாமி பிடில் என்னும் மேனாட்டுக் கருவியைக் கற்று, அதனை நமது இசைக்கு இசையுமாறு கையாண்டார். இன்று கச்சேரி மேடைகளில் அக்கருவி இன்றியமையாததாயிருப்பதற்கு வித்திட்டோருள் அவர் முதன்மையானவர். மூத்தவராகிய முத்துசுவாமியோ அம்மேனாட்டு மெட்டுக்களுக்கு வடமொழியிலே தெய்வத் துதிகளை அமைத்தார். நோட்டு சுவர சாகித்தியம் எனப்படும் அவை ஏறத்தாழ 40 உள. ஆங்கில அரசனை வாழ்த்தும் கீதத்தின் மெட்டும் அவர் கையில் அம்பிகை துதியாயிற்று. அந்நிய ஆட்சி தலையெடுத்த காலத்திலே, அந்நியர் இசைக்கு அஞ்சி ஒளியாமலும் அதற்கு அடிமையாகாமலும், அதனைக் கொண்டு தம் தெய்வத்தையே பாடிய உறுதி எண்ணத்தக்கது. மாணாக்கர்க்கு நாம் இன்று கற்பிக்கவேண்டிய மனநிலையும் அதுவன்றோ?

காசி யாத்திரையும் குருவருளும்

அக்காலத்திலே சிதம்பரநாத யோகி என்னும் துறவி மணலிக்கு எழுந்தருளினார். இளைஞரின் ஒழுக்கத்தையும் வீணைத் திறத்தையும் கண்டு, அவரைத் தம்முடன் காசிக்கு அனுப்புமாறு தந்தையாரை வேண்டினார். தவமிருந்து பெற்ற மூத்த மகனைப் பிரிவது எளிதோ? ஆயினும் குருவின் சொல்லை மறுத்தற்கு அஞ்சித் தந்தையார் உடன்பட்டார்.

காசியிலே சில ஆண்டு தங்கிய முத்துசுவாமி யோகியாரிடம் ஸ்ரீவித்தை உபதேசமும் வேதாந்தமும் பெற்றார். வடநாட்டு இசையையும் செவியாரக் கேட்டார். பிற்காலத்தில் அவர் கீர்த்தனங்களிலே காணப்படும் துவிஜாவந்தி, யமுனா கல்யாணி முதலிய இராகங்கள் அக்கேள்வியின் பயன். நடையிலே விரைவின்றி, ஆழ்ந்து அசையும் வீணையின் கதியிலே அவர் பாடல்கள் அமைந்தமைக்கும் அதுவே ஒரு காரணம் என்பர் இசைநூலோர். கங்கையில் இறங்கிய சீடரின் கையில் ஒரு வீணை வந்து சேர்ந்ததென்றும், அதன்பின் யோகியார் கங்கையிலேயே உடலை நீத்தார் என்றும் கர்ணபரம்பரை கூறும். குருவுக்குச் செய்ய வேண்டிய கடனை முடித்துக்கொண்டு சீடர் தெற்கு நோக்கித் திரும்பினார்.

திருத்தணிகையில்

மீண்டு வந்த முத்துசுவாமி திருத்தணிகை மலையிலே முருகப்பெருமானை வழிபட்டு நோன்பிருந்தார். ஒருநாள் தியானத்தில் இருக்கும்போது முதியவர் ஒருவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டை இட்டு மறைந்தார் என்பது வரலாறு. அவ்வினிமை நாவில் ஊறிய அப்பொழுதே முதற் கீர்த்தனம் பிறந்தது. மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்த அப்பாடல் குருவின் பெருமையைப் பாடுவது. சங்கீதம் பயிலத் தொடங்கும் குழந்தைகள் முதன்முதற் பாடும் இராகமும் மாயாமாளவகௌளையே என்பதை ஆசிரியர்கள் கருதுக. அன்று தொட்டு அவர் தம் பாடல்களில் குருகுக என்னும் முத்திரையை வைத்தார். அருணகிரிநாதர் முருகனையே குருவாகப் பெற்ற மரபை அறிந்த நமக்கு இச்செய்தி புதுமையன்று.

தலந்தோறும் நடந்தவர்

அதன்பின் தீட்சிதரின் வாழ்வு பெரும்பாலும் யாத்திரையே. காஞ்சியிலே சில காலம் தங்கினார். நிலமாகிய காஞ்சி, நீராகிய திருவானைக்கா, தீயாகிய திருவண்ணாமலை, வளியாகிய திருக்காளத்தி, வெளியாகிய தில்லை என்னும் பஞ்சபூதத் தலங்கள் ஐந்துக்கும் ஐந்து கீர்த்தனங்கள் இயற்றினார்.

அவர் பாடலின் இயல்பை இங்கே விளக்குதல் வேண்டும். ஒரு தலத்தைப் பாடப் புகுந்தால் அத்தலத்து இறைவன் பெயர், இறைவி பெயர், தீர்த்தம், தலவிருட்சம், புராணச் செய்தி, வழிபாட்டு முறை ஆகியவற்றுள் இயன்றவற்றை அப்பாடலினுள்ளேயே பொதிந்து வைப்பார். பலவற்றில் இராகத்தின் பெயரையும் பொருள் சிதையாதபடி சொல்லினிடையே இழைத்து விடுவார். ஆதலின் ஒரு பாடலைப் பொருளுணர்ந்து கற்ற மாணவன் ஒரு தலத்தையே கண்டவனாகின்றான்.

தியாகேசர் சந்நிதியில்

பெற்றோரின் முதுமையிலே தீட்சிதர் திருவாரூருக்கு மீண்டார். தந்தையார் 1817இல் இறைவனடி சேர்ந்தார். திருவாரூர் யாது? சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகை பாடிய தேவாசிரியன் மண்டபம் உள்ள தலம். நமிநந்தியடிகள் நீரால் விளக்கெரித்த தலம். மனுநீதிச் சோழன் கன்றிழந்த பசுவுக்கு நீதி வழங்கிய தலம். அவ்வூரிற் பிறந்தமையையே தமக்குப் பெருஞ்செல்வமாக எண்ணினார் தீட்சிதர்.

தியாகேசப் பெருமான்மீது எட்டு வேற்றுமைகளுக்கும் எட்டுக் கீர்த்தனங்கள் இயற்றினார். முதற்பாடலில் இறைவன் பெயர் எழுவாயாக நிற்கும். அடுத்ததில் இரண்டாம் வேற்றுமை ஏற்கும். இவ்வாறே விளி ஈறாக எட்டும் நிரம்பும். வேற்றுமை கற்பித்து மாணவர்க்குச் சலிப்பூட்டும் நம்மவர், இலக்கணமும் வழிபாடாகக் கூடும் என்பதை இவரிடத்தே கண்டு மகிழலாம். கமலாம்பிகைமீது நவாவரணக் கீர்த்தனங்களைப் பாடினார். ஞாயிறு முதற் சனி ஈறான ஏழு நாட்களுக்குரிய கோள்கள்மீது ஏழு கீர்த்தனங்களை ஏழு தாளங்களில் அமைத்தார். வாதாபி கணபதி கீர்த்தனத்தைத் தந்தையார் வகுத்த ஹம்சத்வனியிலேயே பாடினார். வாதாபியை வென்ற சேனாபதியாகிய சிறுத்தொண்ட நாயனாரின் வரலாற்றோடு அக்கணபதியைச் சேர்த்துச் சொல்லும் வழக்குண்டு. அக்கீர்த்தனத்தோடு கச்சேரியைத் தொடங்குதல் பலரிடத்தும் வழக்கமாயிற்று.

சீடரும் வறுமையும்

தீட்சிதர் வைதிக ஒழுக்கத்தினின்றும் வழுவாதவர். எனினும் தம் வித்தையைத் தம் குலத்தார்க்குள் பூட்டி வைத்தவர் அல்லர். தஞ்சை நால்வர் என்று புகழ்பெற்ற பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் அவரிடம் கற்றனர். இன்றைய பரதநாட்டிய அரங்கேற்ற முறையை ஒழுங்குசெய்தவர் அந்நால்வரே. திருவாரூர்க் கோயிலிற் சுத்தமத்தளம் வாசித்த தம்பியப்பனும், அக்கோயிற் கணிகையாகிய கமலமும், நட்டுவனாரும், நாகசுரக்காரரும் அவர் சீடராயினர். தம்பியப்பன் வயிற்றுநோயால் வருந்தியபோது, வியாழ பகவான்மீது கீர்த்தனம் இயற்றி அவனுக்குக் கற்பித்துப் பாடச் செய்தார் என்றும், கோள்களின்மீது பாடிய வரிசைக்கு அதுவே தோற்றுவாய் என்றும் கூறுவர்.

ஒருநாள் மனையிலே அரிசி இல்லை. இதனையறிந்த கமலம் தன் கைவளையைக் கழற்றிக் கொடுக்க முன்வந்தாள். தீட்சிதர் அதனை ஏலாது, சீடருடன் தியாகேசர் சந்நிதியை அடைந்து பாடி நின்றார். அவர் இல்லம் திரும்புமுன் அரசாங்க அதிகாரி ஒருவருக்காகச் சேகரித்த உணவுப் பண்டங்கள், அவ்வதிகாரி வாராமையால், தீட்சிதர் மனைக்கு வந்து சேர்ந்தன என்பர். இதனை அற்புதமெனக் கொள்வார் கொள்க. யாம் கண்டு வியப்பது வேறொன்று. தஞ்சையிலே அரசன் இருந்தான், அவனைப் புகழ்ந்து பாடினாற் பொருள் வரும், அவர் பாடவில்லை. சீடரிடத்து வளையும் வாங்கவில்லை.

ஓர் ஐயமும் அதற்கு விடையும்

தீட்சிதர் பாடல்கள் பெரும்பாலும் வடமொழியில் அமைந்தன. தேவாரமும் திருவாசகமும் உடைய சைவத் தமிழர்க்கு அவற்றால் ஆவதென்னை என்று நம்மவருட் சிலர் கேட்கின்றனர். இவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. பள்ளியிலே குழந்தை முதற்கண் ஓத வேண்டியது பன்னிரு திருமுறையே. பொருள் தெரியாத சொல்லை வாயாற் சொல்லி ஒழிவதனாற் பத்தி விளையாது. தேவாரம் ஓதத் தெரியாத பிள்ளை கீர்த்தனம் பாடிப் பரிசு பெறுதல் நமக்குப் பெருமையன்று.

ஆயினும் ஒன்றைச் சீர்தூக்குக. சிவத்தலங்கள்தோறும் காலால் நடந்து, அங்கங்கே பெருமானைப் பாடுதல் யார் வகுத்த நெறி? சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் வகுத்த நெறியன்றோ? ஆயிரம் ஆண்டுக்குப் பின் அந்நெறியிலே நடந்தவர் தீட்சிதர். மொழி வேறு, வழி அதுவே. பாடல்பெற்ற தலங்களை அவர் பாடியமையால், அக்கீர்த்தனத்தைக் கேட்ட மாணவனிடம் அத்தலத்துத் தேவாரத்தை உடனே எடுத்தோதுதல் நல்லாசிரியர்க்கு எளிது. ஒன்று மற்றொன்றைத் தள்ளவேண்டுவதில்லை. கீர்த்தனம் வாயிலாக நின்று திருமுறைக்கு அழைத்துச் செல்லலாம்.

எட்டயபுரத்தில் இறுதி

தம்பியாராகிய பாலுசுவாமி எட்டயபுரம் சமஸ்தானத்து வித்துவானாக அமர்ந்திருந்தார். அவரைக் காணும் பொருட்டுத் தீட்சிதர் தெற்கே பயணமானார். வழியிலே மழையின்றிக் காய்ந்து கிடந்த நிலத்தையும் வாடிய மக்களையும் கண்டு, அமிர்தவர்ஷிணி இராகத்திலே அம்பிகையைப் பாட, மழை பெய்தது என்று செவிவழிச் செய்தி உண்டு.

எட்டயபுரத்திலேயே 1835 அக்டோபர் 21ஆம் நாள், நரகசதுர்த்தசி அன்று, வழிபாட்டை முடித்து, மீனாட்சியம்மைமீது தாம் பாடிய கீர்த்தனத்தைச் சீடர்கள் பாடக் கேட்டுக்கொண்டே இறைவனடி சேர்ந்தார். அவர் சமாதி எட்டயபுரத்தில் உளது. திருவாரூரிற் பிறந்து, காசியிற் கற்று, தணிகையிற் பாடத் தொடங்கி, பாண்டிநாட்டுக் கரிசல் மண்ணிலே அடங்கியது அவ்வாழ்வு.

பாடல்கள் பிழைத்த விதம்

தீட்சிதர் மறைந்தபின் அவர் பாடல்கள் சீடர் நாவிலும் குடும்பத்தார் ஏட்டிலுமே இருந்தன. பாலுசுவாமி தீட்சிதர் தம் மகள் வயிற்றுப் பேரனாகிய சுப்பராம தீட்சிதரை (1839–1906) மகவாக ஏற்று வளர்த்து அவ்வித்தையைக் கொடுத்தார். குடும்பச் செல்வமாகிய அதனை வெளியிட மனமின்றியிருந்த சுப்பராம தீட்சிதரை, நம் இசையை மேனாட்டுக் குறியீட்டில் எழுதி அச்சிட உழைத்த சின்னசுவாமி முதலியார் பலகாலும் வேண்டினார். அம்முதலியார் கிறித்தவர். கண்ணொளி குன்றியபோதும் அவர் அம்முயற்சியைக் கைவிடவில்லை. எட்டயபுரத்து அரசரின் பொருளுதவியால் 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூல் தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. தீட்சிதர் கீர்த்தனங்கள் 200க்கு மேல் அதனுள் சுர அமைப்போடு பதிவாயின. வேற்றுச் சமயத்தவர் ஒருவர் மன்றாடிப் பெற்ற செல்வத்தை நாம் இன்று துய்க்கின்றோம். நன்றி மறவாமை நம் நீதிநூல் கற்பித்த அறம்.

இல்லத்திலே என்ன இருத்தல் வேண்டும்?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். தீட்சிதர் பிறப்பதற்குச் சில ஆண்டு முன்னர், 1770இல், ஜெர்மனி தேசத்துப் பொன் நகரிலே பேத்தோவன் என்னும் இசைப்புலவர் பிறந்தார். இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர். பேத்தோவன் பிறந்த மனை இடிபடாது காக்கும் பொருட்டு அந்நகரத்தார் 1889இல் ஒரு சங்கம் நிறுவினர், அவ்வீடு அருங்காட்சியகமாயிற்று. அவர் கைப்பட எழுதிய தாளும், அவர் வாசித்த கருவியும், செவிடுற்ற அவர் செவிக்கு வைத்த குழலும் அங்கே உள்ளன.

ஆயினும் கண்ணாடிப் பேழைக்குள் உறங்கும் கருவி பாடுமோ? அதனை உணர்ந்து, 2004இல் அச்சங்கத்தார் கணினியின் துணைகொண்டு ஒரு புதுக் காட்சியை அமைத்தனர். பேத்தோவனுடைய ஒரே இசைநாடகத்தின் ஒரு பகுதியை, ஒலியும் ஒளியும் அசையும் உருவும் ஒன்றாகக் கூடிய முப்பரிமாணக் காட்சியாக ஆக்கி, காண்போர் தாமே அதனை இயக்கிப் பங்குகொள்ளுமாறு செய்தனர். வீடு மீண்டும் பாடத் தொடங்கிற்று.

இச்செய்தியைக் கேட்டு நாம் நாணவும் வேண்டாம்; அதனை அப்படியே பின்பற்ற விரையவும் வேண்டாம். ஒலி, ஒளி, உருவம், மணம் ஆகிய அனைத்தையும் ஓரிடத்திற் கூட்டி உள்ளத்தை உருக்கும் கலை நம் கோயில்களில் என்றும் உள்ளது. திருவாரூர்க் கோயிலிலே ஐந்து முகமுடைய பஞ்சமுக வாத்தியம் உண்டு. அது முழங்க, நாகசுரம் ஒலிக்க, ஓதுவார் பண்ணிசைக்க, தீப ஒளியிலே திரை விலகித் தியாகேசர் திருமுகம் காணும் கணம் ஒரு பெருங் கலைக்காட்சியே. பார்ப்பவன் அங்கே பார்ப்பவனாக மட்டும் நிற்பதில்லை, அடியவனாகின்றான். தீட்சிதர் பாடல்கள் அக்கணத்திலே பிறந்தவை. ஆகவே அவர் பிறந்த இல்லத்திலே படமும் வீணையும் வைத்தால் மட்டும் போதாது. நாள்தோறும் ஒரு பாடலாவது அங்கே ஒலித்தல் வேண்டும். அப்பாடல் கூறும் தலத்தின் உருவமும் அங்கே தோன்றுதல் வேண்டும். பொருள் தமிழில் விளங்குதல் வேண்டும். புதுக்கருவிகள் இதற்கு ஏவலராக வருமாயின் வரவேற்போம். எசமானராக வருமாயின் விலக்குவோம்.

நம் பள்ளிகளில்

திருவாரூர் தொலைவில் உள்ளது. நாவலப்பிட்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுட் பலர் அதனைக் காணாமலே வாழ்நாளைக் கழிக்கவும் கூடும். ஆனால் அவர் முன்னோர் பலர் அக்கரையிலிருந்தே வந்தனர். கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியிலே 1824இல் முதற் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலத்தில் தீட்சிதர் உயிரோடு பாடிக்கொண்டிருந்தார். கடல் கடந்து மலையேறிய அம்மக்கள் பொன்னும் பொருளும் கொண்டு வரவில்லை. தெய்வத்தையும் பாட்டையும் கொண்டு வந்தனர். மாரியம்மன் கோயிலும் முருகன் கோயிலும் மலைச்சரிவுகளில் எழுந்தது அவ்வாறே. அப்பிள்ளைகளின் உரிமைச்செல்வத்தை அவர்க்கு மீட்டுக் கொடுப்பது ஆசிரியர் கடன்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. வகுப்பறையின் ஒரு மூலையில் விளக்கொன்று ஏற்றுக. பஞ்சபூதத் தலங்கள் ஐந்தையும் மாணவரைக் கொண்டே ஒரு படத்தில் வரைவிக்க. வாரம் ஒரு தலமாக, அத்தலத்துத் தேவாரத்தை ஓதுவித்து, பின்னர்த் தீட்சிதர் கீர்த்தனத்தின் ஒலிப்பதிவைக் கேட்பிக்க. இறைவன் பெயரையும் தீர்த்தத்தின் பெயரையும் பாடலினுள்ளே தேடிக் கண்டு சொல்லுமாறு கேட்க. கோயில் நாகசுரக்காரரை ஒருநாள் பள்ளிக்கு அழைத்து வாசிக்கச் செய்து, அவர்க்கு உரிய மரியாதை செய்க. ஐந்து வாரத்தில் அவ்வகுப்பறையே தீட்சிதரின் இல்லமாகிவிடும்.

யாம் ஒன்றை வற்புறுத்துவோம். தீட்சிதர் மனையைக் காப்பவர் அவ்வூரார். தீட்சிதர் பாடலைக் காக்க வேண்டியவர் எங்குமுள்ள ஆசிரியர். குடும்பத்தார் நால்வர் நாவிலே மட்டும் இருந்த பாடல்கள் ஒரு நூலால் உலகுக்கு வந்தன. அந்நூலிலே உறங்குபவை ஓர் ஆசிரியரால் ஒரு குழந்தையின் நாவுக்கு வரவேண்டும். அங்ஙனம் வாராவிடின், எத்துணை அழகாக மனையைப் புதுக்கினும் அது பூட்டிய வீடே.

தியாகேசப் பெருமான் திருவருளும் தணிகைப் பெருமான் குருவருளும் நம் சைவப் பிள்ளைகளுக்குத் துணைநிற்பனவாக.